பங்குனி சித்திரையில மாடு சரியா திங்குதில்ல, பால் கொழுப்பும் இறங்குது, மலைநாட்டுல கூடவா மாட்டுக்கு வெக்கை அடிக்கும்?

அடிக்கும் தம்பி. நம்ம பக்கம் பெரும்பாலும் பிரீசியன், அயர்ஷயர், ஜெர்சின்னு குளிர் நாட்டு மாட்டோட கலப்புதானே, 25 டிகிரி தாண்டினாலே அதுக்கு கஷ்டம். ஹட்டன்ல வெளிய அவ்வளவு சூடு இல்லாட்டியும் பட்டிக்குள்ள போய் நின்னு பாருங்க, குளிருக்குன்னு சுத்தி அடிச்ச தகரமும் உரச்சாக்கும் காத்த மறிக்கும், மேல கூரைத் தகரம் காஞ்சு கிடக்கும், கீழ மூத்திர ஈரம். பதுளை, கண்டி பக்கம்னா கேக்கவே வேணாம்.

மாட்டோட முதல் வயிறு 100 லீட்டருக்கு மேல பிடிக்கும், அதுக்குள்ள பக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை எல்லாம் சேர்ந்து புல்ல புளிக்க வைக்கிறதுலயே நிறைய சூடு வருது, அதான் வெக்கை நேரம் மாடு முத்துன புல்ல ஒதுக்கிட்டு புண்ணாக்க மட்டும் நக்கும். புல்லு குறைஞ்சா அசை போடுறது குறையும், அசை குறைஞ்சா எச்சி குறையும், இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு பெரிய கறவை மாடு நாளைக்கு 100 லீட்டர் அளவு எச்சி சுரக்கும், அதுல உள்ள பைகார்பனேட், நம்ம அப்பச்சோடாவுல இருக்குற அதே சாமான், வயித்துப் புளிப்ப அடக்குது. மாடு வேகமா மூச்சு வாங்க வாங்க கரியமிலவாயு கூடுதலா வெளிய போகும், அத ஈடுகட்ட கிட்னி பைகார்பனேட்ட மூத்திரத்துல தள்ளிடும், மிச்ச எச்சியும் வாயோரம் நூல் நூலா வடிஞ்சு தரைக்குப் போயிடும்.

வயித்துல பிஎச் (புளிப்ப காட்டுற அளவு, அது இறங்க இறங்க புளிப்பு கூடும்) 6க்கு கீழ இறங்குனா நார உடைக்கிற பக்டீரியா சுணங்கிடும், மாவுச்சத்துல வளர்ற புளிப்புக் கிருமி பெருகும். நார்ல இருந்து வர்ற அசற்றிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கியமான மூலப்பொருள், அது குறைஞ்சா கொழுப்பும் இறங்கும், அதான் பால் எடுக்குற இடத்துல உங்களுக்கு விலை விழுது. சூட்ட வெளிய தள்ள ரத்தம் தோலுக்கு ஓடுறதால குடலுக்கு ரத்தம் குறைஞ்சு அதோட சுவரும் பலவீனமாகி, கிருமி விஷம் ரத்தத்துல கலக்குறதும் உண்டு.

பால் குறைஞ்ச உடனே நம்ம ஆளுங்க புண்ணாக்கும் மாவும் கூட்டிப் போடுறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, ஏற்கனவே புளிச்ச வயித்துல இன்னும் புளிப்பு சேருது. சாணி தண்ணியா, நுரையோட, உடையாத தானியத்தோட விழுந்தா அதுதான் நடக்குது.

பகல்ல சாக்க சுருட்டி கட்டி காத்து விடுங்க. பீலியில இருந்து காலைல ஒரு வாளி பின்னேரம் ஒரு வாளின்னு கொடுக்குறது இந்த மாசத்துக்கு பத்தவே பத்தாது, எந்நேரமும் முன்னால தண்ணி நிக்கணும். நல்ல புல்ல பொழுது சாய்ஞ்சும் விடியக்காலையும் போடுங்க, நம்ம ராத்திரி குளிர்ல நல்லா திங்கும், மலைநாட்டுக்காரங்களுக்கு இருக்குற பெரிய வசதியே அதுதான். அப்பச்சோடா தீவனத்துல கலக்கலாம், ஆனா மாட்டோட எடைய சொல்லி டொக்டர்கிட்ட அளவு கேட்டுக்கங்க. சித்திரை மழைக்கு திடீர்னு கிளம்புற இளம்புல்ல மட்டும் அள்ளிப் போடாம முத்துன புல்லும் கலந்து போடுங்க, இளசுல நார் கம்மி.

நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல விலா ஏறி இறங்குனா உடனே நிழலுக்கு மாத்தி மேல தண்ணி ஊத்துங்க. ஒரு நாள் பூரா அசையே போடாம இடது வயிறு உப்பி நின்னா கை வைத்தியம் பாக்காம டொக்டர கூப்பிடுங்க.