ட்ரூவா, ஃபால்ஸா? வடஆற்காடு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வடஆற்காடு வட்டாரத்தில் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி ஆகிய நிரல் மொழிகளில் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்) பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

குடியாத்தம், பள்ளி ஆசிரியர்: சார், எங்கள் மாணவர்கள் தினமும் மழைமானி பார்த்து அளவை ஏற்றுகிறார்கள். பைத்தானில் 'இஃப் மழை' (மழை அளவு இருந்தால்) என்று எழுதி, அளவு இல்லாவிட்டால் "பார்க்கவில்லை" என்று காட்டச் சொன்னோம். மழை பெய்யாத நாளெல்லாம் "பார்க்கவில்லை" என்றே வருகிறது. ஏன்?

பிள்ளைகள் 0 என்று சரியாகத்தான் ஏற்றியிருக்கிறார்கள், ஐயா. கேட்ட விதத்தில்தான் சிக்கல். இஃப்-க்குப் பின்னால் எதை வைத்தாலும் பைத்தான் அதை ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். 0, 0.0, காலி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), காலி லிஸ்ட் (பட்டியல்), மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நன்' (None) எல்லாமே அதற்கு ஃபால்ஸ். ஆனால் 0 மில்லிமீட்டர் என்பது ஒரு பிள்ளை மானியைப் பார்த்துச் சொன்ன தகவல். யாருமே பார்க்கவில்லை என்பது வேறு சங்கதி. நம் பக்கம் கோடையில் வாரக்கணக்கில் மழையே இருக்காது. அந்த நாட்களின் உழைப்பு முழுக்கப் பதிவிலிருந்து காணாமல் போய்விடும்.

பார்க்காத நாளுக்கு 'நன்' வையுங்கள். 'இஃப் மழை இஸ் நாட் நன்' என்று முழுதாகக் கேளுங்கள். சராசரி போடும்போதும் இதே கவனம் வேண்டும். 0 வந்த நாட்களை விட்டுவிட்டால் சராசரி கூடிவிடும், பார்க்காத நாட்களை 0 என்று சேர்த்தால் குறைந்துவிடும். பாலாற்றில் நீர்மட்டம் அளப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பைத்தானை உருவாக்கியவர்களே இதில் திருத்தம் செய்ய வேண்டி வந்தது. நள்ளிரவு 12 மணியைக் குறிக்கும் நேர மதிப்பு முன்பு ஃபால்ஸாக இருந்தது. 2015-ல் வந்த 3.5 பதிப்பில்தான் அதை மாற்றினார்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவி: அண்ணா, ட்ரூ கூட்டல் ட்ரூ போட்டால் 2 வருகிறதே?

ஆமாம்மா. பைத்தானில் தொடக்கத்தில் இதற்கென்று தனி வகை கிடையாது, 1, 0 வைத்துத்தான் எழுதினார்கள். 2003-ல் வந்த 2.3 பதிப்பில் ட்ரூ, ஃபால்ஸுக்கான 'பூல்' வகையை முழுமையாகச் சேர்த்தபோது, பழைய நிரல்கள் உடையாமல் இருக்க அதை முழு எண் வகையின் கிளையாகவே வைத்தார்கள். இதில் ஒரு வசதி உண்டு. எத்தனை பேர் தேர்ச்சி என்று எண்ண வேண்டுமானால் ட்ரூ, ஃபால்ஸ் லிஸ்டை அப்படியே கூட்டினால் போதும்.

ஆம்பூர், காலணி நிறுவனத்தில் வேலை செய்பவர்: ஆர்டர் படிவத்தில் "அவசரம்" என்பதற்கு "ஃபால்ஸ்" என்று வந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் அவசரம் என்றே எடுக்கிறது, அண்ணே.

வந்தது ஃபால்ஸ் என்ற மதிப்பு அல்ல தம்பி, அந்த எழுத்துகளால் ஆன ஸ்ட்ரிங். எழுத்து ஒன்று இருந்தாலே ஸ்ட்ரிங் ட்ரூதான். பைத்தானிலும் அப்படியே. செக்பாக்ஸில் இன்னொன்றும் கவனியுங்கள்: டிக் செய்யாவிட்டால் சாதாரணப் படிவம் அந்தப் புலத்தையே அனுப்பாது.

வாலாஜாபேட்டை: பிஎச்பி-யில் எழுதியதை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினேன். தள்ளுபடி "0" உள்ள பில்லெல்லாம் இப்போது தள்ளுபடி இருப்பதாகக் காட்டுகிறது.

பிஎச்பி-க்கு "0" என்ற ஸ்ட்ரிங் ஃபால்ஸ், ஜாவாஸ்கிரிப்டுக்கு ட்ரூ. காலி அர்ரேயும் (மதிப்புகளின் பட்டியல்) இப்படியே இரண்டிலும் எதிரெதிர். ரூபி, லுவா மொழிகளில் 0 என்ற எண்ணே ட்ரூ. ஃபால்ஸும், மதிப்பே இல்லை என்னும் 'நில்'லும் மட்டும்தான் அங்கே பொய். மொழி மாற்றும்போது இஃப் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் தள்ளுபடியை எண்ணாக மாற்றி, 0-ஐ விடப் பெரியதா என்று கேளுங்கள்.

ராணிப்பேட்டை: கட்டளைகளைத் தட்டி இயக்கும் ஷெல்லில் மட்டும் 0 வந்தால் சரி என்கிறார்களே, சார். தலைகீழாக இருக்கிறது.

அது கட்டளை முடிந்ததும் தரும் நிலை எண். வேலை நன்றாக முடிந்தது என்று சொல்ல ஒரு எண் போதும், தோல்விக்குத்தான் பல காரணங்கள். கோப்பில் சொல்லைத் தேடும் 'கிரெப்' கட்டளை, தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பைத் திறக்க முடியாதது போன்ற பிழை என்றால் 2 தரும். கிடைக்காததையும் பிழையையும் இப்படிப் பிரித்துச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

ஆரணி, பட்டு நெசவுக் கணக்கு பார்ப்பவர்: எக்செலில் கூலி கொடுத்தாயிற்றா என்ற கட்டத்தில் ஒருவர் "ஆம்" என்கிறார், ஒருவர் "ஒய்", இன்னொருவர் 1. எப்படிச் சமாளிப்பது?

உள்ளே வரும் இடத்திலேயே ஒரே ஒரு ஃபங்ஷன் வைத்து மாற்றிவிடுங்கள். முன்பின் இருக்கும் இடைவெளியை நீக்கி, தெரிந்த சொற்களை மட்டும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் ஆக்குங்கள். காலிக் கட்டத்துக்கு 'நன்'. தெரியாத சொல் வந்தால் ஃபால்ஸ் என்று ஊகிக்காமல், எந்த வரிசையில் என்ன வந்தது என்று காட்டி நிறுத்துங்கள். "கொடுத்தாச்சு" என்று ஒருவர் எழுதியிருந்து அது ஃபால்ஸ் ஆனால், கூலி வாங்கிய நெசவாளருக்கு மறுபடி கூலி போகும்.