நீச்சல்குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் போடலாமா?

போடலாம். ஆனால் குளத்தின் விளிம்பை ஒட்டிப் போடாதீர்கள். மேற்கு வெயில் விழும் இடத்தில் போடவே போடாதீர்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் குளத்தோடு வீடு வாங்கியிருப்பதாகவும், இருக்கிற பெர்முடா புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரிக்கப்போவதாகவும், எந்த வகை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வகையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறோம். 2021 ஆகஸ்டில், கொலராடோ ஆற்றைத் தேக்கிவைக்கும் மீட் ஏரி ரொம்பவும் வற்றிப்போய், அந்த ஆற்றில் முதல்முறையாகத் தண்ணீர்த் தட்டுப்பாடு அறிவித்தார்கள். பெரிய வெட்டு அரிசோனாவுக்குத்தான் விழுந்தது. நான் காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று மதகைப் பார்த்து வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் கோடையில் பெர்முடாவுக்கும், குளிர்காலத்தில் அதன்மேல் தூவுகிற ரை புல்லுக்கும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருப்பது மனசுக்கு ஒப்பவில்லை. 2022 மார்ச்சில் ஆள் வைத்து, குளத்தின் விளிம்புக்கல் வரைக்கும் செயற்கைப் புல் விரித்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மறு வருடம் அப்பா வந்தார். 2023 கோடை ஞாபகம் இருக்கும். ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸுக்குக் குறையாத வெயில். அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஊரில் கொல்லையில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர், புல்லைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுவார். ஒருநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும், பேத்தியின் துண்டும் மிதவையும் குளத்தோரம் கிடக்கிறதே என்று எடுத்து வைக்கப் போயிருக்கிறார். மூன்று நான்கு நிமிடம் நின்றிருப்பார், அவ்வளவுதான்.

உள்ளே வந்தபோது சமையலறைத் தரையில் ஈரக் காலடி பதிந்திருந்தது. "குளத்து ஓரமா நின்னேன்ல, அதாம்ப்பா" என்றார். என் மனைவி துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது குளத்துத் தண்ணீர் இல்லை. இரண்டு பாதத்திலும் கொப்புளம் எழும்பி, நடக்கும்போது உடைந்திருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. புண் ஆற ஒன்பது வாரம் ஆயிற்று. மருத்துவமனையில், வெயிலில் தரை சுட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் நிறைய என்றார்கள். எங்களுக்குப் புல் போட்டவர் இது சுடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தாங்கவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு, தோசைக்கல் சூடு பார்க்க வைத்திருந்த கருவியால் அளந்தேன். புல் 71 செல்சியஸ், பக்கத்திலிருந்த வெளிர்நிற டிராவர்டைன் கல் 52, கூரை நிழலில் இருந்த புல் 45. நிஜப் புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது கிடையாது. தண்ணீர் அடித்தால் ஆறுமே என்பீர்கள். அடித்தேன். கால் மணி நேரத்தில் பழையபடி சுட்டது. தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தானே இதைப் போட்டோம்?

ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோரையும் பயமுறுத்துகிறாய் என்று சிலர் எழுதக்கூடும். நல்ல காலோடு ஓடிப்போய்க் குளத்தில் குதிக்கிறவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அப்படியா? குளம் வைத்திருக்கிறவனுக்கு இது ஒரு கவலையா என்பவர்களுக்கும் ஒன்று: இந்த ஊரில் சாதாரண வீடுகளிலும் குளம் இருக்கும். எங்களுக்கு வீட்டோடு வந்தது.

அந்த அக்டோபரில் புல்லைப் பிரித்தெடுத்தோம். அப்போதுதான் அடியில் செய்திருந்த வேலை தெரிந்தது. ஜல்லித்தூளைச் சும்மா பரப்பி மேலே விரித்திருக்கிறார்கள். இடித்துக் கெட்டிப்படுத்தவில்லை, வாட்டமும் குளத்தைப் பார்த்து இருந்தது. மழை பெய்தால், இழைகள் நிமிர்ந்து நிற்கப் புல்லுக்குள் போட்ட மணல் குளத்தில் இறங்கி, ஃபில்டர் அடைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். உங்கள் ஆளிடம் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஜல்லித்தூள் போட்டு மெஷினால் இடிக்கச் சொல்லுங்கள். வாட்டம் குளத்திலிருந்து வெளிப்பக்கம் போகட்டும், நூறு அடிக்கு ஒன்று இரண்டு அடி இறக்கம் போதும். உள்ளே நிரப்பக் கறுப்பு ரப்பர் துகள் வேண்டவே வேண்டாம், வெளிர் நிற சிலிக்கா மணல் போதும்.

இன்னொன்று, ஜன்னல். வெப்பத்தைத் திருப்பியடிக்கிற இரட்டைக் கண்ணாடி இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே இடத்தில் குவிந்து புல்லை உருக்கிவிடும். எங்கள் வீட்டில் ஒரு முழ நீளத்துக்கு, இஸ்திரி பட்ட பாலியஸ்டர் சேலை மாதிரி நுனி சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கம்பிவலை போட்டால் இது நிற்கும்.

இப்போது குளத்தைச் சுற்றி நாலடிக்கு டிராவர்டைன், அதைத் தாண்டிக் கூரை நிழலில் மட்டும் புல். குடியிருப்போர் சங்கம் தடுக்குமோ என்று பயம் வேண்டாம். நிஜப் புல்லுக்கு அனுமதி இருக்கும் இடத்தில் செயற்கைப் புல்லை அடியோடு தடைசெய்யக் கூடாது என்று 2022-இல் அரிசோனாவில் சட்டம் வந்துவிட்டது. நிறம், தரம் பற்றி விதி போடலாம், அதைமட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பொங்கல், பிறந்தநாள் என்று வருகிற நம் ஆட்களே, சாப்பாட்டுத் தட்டோடு போய்வர வசதி என்று குளத்துக் கேட்டுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறார்கள். ஐந்தடி வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கேட்டும் எதற்கு? இரண்டு வயதுக் குழந்தை கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீருக்குள் போய்விடும். எடுங்கள் என்றால் முகம் சுளிக்கிறார்கள். இரண்டு குடும்பம் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை.

சரி, எந்த வகை என்றீர்களே. நிழலில் போடுவதானால் நடுத்தர உயரம், நன்றாக வடிகிற அடிப்பாகம் உள்ளது எதுவும் போதும். உங்கள் குளம் வீட்டுக்கு எந்தப் பக்கம், சாயங்காலம் நிழல் எதுவரை வருகிறது என்று கீழே எழுதுங்கள். எங்கே வரைக்கும் போடலாம் என்று சொல்கிறேன்.