முத்து காமிக்ஸுக்கு இஸ்திரி போடலாமா?

பழைய புத்தகம், பழைய காகிதம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குக் காரைக்குடி பைண்டிங் பட்டறைக்காரர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அப்பச்சி சேர்த்து வைத்த முத்து காமிக்ஸ் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. எழுபதுகளில் வந்தவை. அட்டை வளைந்து, மூலை மடங்கிக் கிடக்கின்றன. இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினால் நேராகுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பருத்திச் சட்டைக்கு வைக்கிற சூடு 200 டிகிரியைத் தொடும். சிவகாசியில் 1972-ல் தொடங்கிய கம்பெனியின் புத்தகங்கள் அவை. உள்ளே இருப்பது நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம். அந்தச் சூட்டில் அட்டையின் பளபளப்பு இளகி, பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். அங்கே தட்டையான பிரஸ் மெஷின். சூடு பெரும்பாலும் 60-லிருந்து 80 டிகிரிக்குள். புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டாத சிலிக்கான் தாள், அட்டைக்கும் உள்தாளுக்கும் நடுவே வேறு தாள்கள். அழுத்தி எடுத்த பிறகு ஆறும் வரை பாரத்துக்குக் கீழே கிடக்கும். பாதி வேலையைச் செய்வது அந்த ஆறுகிற நேரம்தான்.

உங்களுக்கு மெஷின் வேண்டாம். புத்தகத்தை டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். மடிப்பு நிழலாக மட்டும் தெரிந்தால் தாள் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான், அது நேராகும். மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மை உதிர்ந்துவிட்டது. எந்த பிரஸ்ஸாலும் அது திரும்பி வராது. பழைய காமிக்ஸ் வாங்கப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியதும் இந்தக் கோட்டைத்தான்.

நேராக்குவதற்குக் காலம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் தானே ஈரம் இழுத்து இளகி நிற்கும். சித்திரை வெயிலில் தொட்டால் அப்பளம்தான். மழை நாளில் எடுத்து, அட்டைக்கு உள்பக்கமும் நடுப்பக்கத்திலும் ஒவ்வொரு கெட்டியான வெள்ளைத் தாள் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்டேப்ளர் பின்னின் அச்சு எல்லாப் பக்கத்திலும் பதியும். மேலும் கீழும் பிளைவுட், அதன்மேல் பாரம். ஒரு தடவைக்கு ஒரு புத்தகம். பத்தை ஒன்றாக அடுக்கினால், பின் அடித்த முதுகு ஓரத்தைவிடத் தடிமன் என்பதால் முதுகு பிதுங்கி வெடிக்கும். இரண்டு வாரம் தொடாதீர்கள். எடுத்துப் பார்க்கக் கை பரபரக்கும், தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அலமாரியில் தம்பியின் ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் எல்லாம் செம்மண் தூசி படிந்து கிடக்கின்றன. இராமபாணப் பூச்சியும் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைக்கலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, இரண்டும் வேண்டாம். செம்மண் தூசியில் ஈரம் பட்டால் தூசி போகாது, சாயமாக இறங்கும். வளவில் வத்தல் காய்கிற இடத்தில் காமிக்ஸையும் காயப் போட்டால் ஒரே நாளில் தாள் ஒரு வயது கூடிவிடும். நியூஸ்பிரிண்டில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் சூடும் பட்டால் அது பழுக்கும். பழுத்த தாளை வெளுக்க வைக்க மருந்து விற்பார்கள், வாங்காதீர்கள்.

புதிய, மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்று போதும். முதுகிலிருந்து வெளியோரத்தை நோக்கித் தள்ளுங்கள். அட்டையில் அழுக்கும் பென்சில் கோடும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை வினைல் ரப்பர், அதுவும் ஒரே திசையில். கறுப்பு, சிவப்பு நிறம் அடர்த்தியாக இருக்கிற இடத்தில் ரப்பர் நிறத்தையும் சேர்த்துத் தின்னும். பின்னட்டை ஓரத்தில் சோதித்துவிட்டு முன்னட்டைக்கு வாருங்கள். உள்பக்கத்தில் ரப்பரே வேண்டாம்.

பூச்சிக்கு ஃப்ரீசர். சிரிக்காதீர்கள், பெரிய நூலகங்களிலும் இதைச் செய்கிறார்கள். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மீனோடு சேராமல் தனியாக இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். குளிர்ந்த தாளில் நம் ஊர்க் காற்று பட்டால் வியர்த்துவிடும். அலமாரிக்குள் வசம்பை துணியில் முடிந்து வையுங்கள், புத்தகத்தின் மேல் படாமல். பாச்சா உருண்டை வைத்த புத்தகத்தை நான் வாங்குவதில்லை. அந்த வாடை போகவே போகாது.

கேள்வி: கிழிந்த அட்டையில் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன். பிய்த்துவிடலாமா? (வாசகர், புதுவயல்)

பதில்: ஒட்டியது ஒட்டியதாக இருக்கட்டும். இனிமேல் ஒட்டாதீர்கள்.

கேள்வி: மலேசியாவில் இருந்த சித்தப்பாவிடமிருந்து எழுபதுகளின் அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சில கிடைத்தன. கிரேடிங்குக்கு அனுப்பினால் லட்சங்கள் கிடைக்கும் என்கிறான் நண்பன். (கல்லூரி மாணவர், பள்ளத்தூர்)

பதில்: நண்பர் சொல்வது எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. ஃப்ளோரிடாவில் சிஜிசி என்ற நிறுவனம் 2000-லிருந்து காமிக்ஸுக்கு மார்க் போடுகிறது. 0.5-லிருந்து 10 வரை மொத்தம் 25 படிகள். மார்க் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து அனுப்புவார்கள். சூப்பர்மேன் முதலில் வந்த 1938-ன் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 9.0 மார்க் வாங்கிய பிரதி, 2014-ல் 32 லட்சம் டாலருக்குப் போனது. பத்து வருஷம் கழித்து அதே இதழின் 8.5 பிரதி 60 லட்சம் டாலருக்குப் போனது. இதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பரணில் ஏறுகிறார்கள். எழுபதுகளில் அச்சான காமிக்ஸ் அப்படி அரிதல்ல. புதுக் கதாபாத்திரம் முதலில் தலைகாட்டிய இதழாக இருந்தால் தனிக் கதை.

சிஜிசியின் கணக்கில் ஒரு வினோதம் இருக்கிறது. பிரஸ் செய்வதும், உலர்ந்த முறையில் தூசி எடுப்பதும் திருத்தம் ஆகாது. திருத்தாத பிரதிக்குரிய நீல லேபிளே கிடைக்கும். வெள்ளைக் கோட்டை மறைக்க ஒரு சொட்டு மை வைத்தாலோ, ஓரத்தைச் சீராக வெட்டினாலோ விலை கவிழ்ந்துவிடும். நிறம் தொட்டது தெரிந்தால், திருத்திய பிரதி என்று காட்டும் ஊதா லேபிள்தான். ஸ்கெட்ச் பேனாவைத் தூர வையுங்கள், தம்பி. கட்டணம், கூரியர், கஸ்டம்ஸ் மூன்றையும் கூட்டுங்கள். அதே இதழ் கிரேடிங்கோடு என்ன விலைக்குப் போகிறது, கிரேடிங் இல்லாமல் என்ன விலைக்குப் போகிறது என்றும் பாருங்கள். வித்தியாசம் அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டாவிட்டால் அனுப்பாதீர்கள். தெளிந்த பாலியெஸ்டர் உறையில் அமிலமில்லாத அட்டை வைத்து நிமிர்த்தி நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய வாடகை நூலகத்திலிருந்து வாங்கிய தொகுப்பில் ஆறு மாயாவி காமிக்ஸ் ஒரே பைண்டிங்கில் இருக்கின்றன. பிரித்தால் தனித்தனியாக விற்கலாமா? (வாசகர், கோட்டையூர்)

பதில்: பிரிக்காதீர்கள். என் தொழில் ரகசியத்தைச் சொல்கிறேன்: பைண்டிங் செய்யும்போது மூன்று பக்கமும் கட்டிங் போடுவோம். உங்கள் ஆறு புத்தகமும் ஏற்கெனவே ஓரம் இழந்தவை. முதுகிலும் ஊசித் துளை விழுந்திருக்கும். பிரித்தால் மிஞ்சுவது ஆறு ஊனமான பிரதிகள். இப்போது கையில் இருப்பது முழுசான ஒரு தொகுப்பு. நூலக முத்திரையையும் அழிக்காதீர்கள், அது புத்தகத்தின் ஜாதகம்.

உங்கள் ஊர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தவர். அவர் சேகரித்ததை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. தனிப் பிரதிதான் வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் சொல்லி வையுங்கள். தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே எப்போதாவது ஒரு கட்டு வரும். காமிக்ஸ் என்று கேட்காதீர்கள், விலை ஏறிவிடும். பழைய படக்கதை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.