கேள்வி பதில்: பரங்கிமலையில் தொடங்கிய சங்கிலி

கேள்வி: பரங்கிமலையில் லாம்டன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரிக்கு மார்பளவுச் சிலை இருக்கிறதே, எந்தப் போரில் ஜெயித்தார்? (வாசகி, நங்கநல்லூர்)

பதில்: பெயர் சொல்லும்படி எதிலும் இல்லை அம்மா. 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் வில்லியம் லாம்டன். அப்புறம் கனடாப் பக்கம் நியூ பிரன்ஸ்விக்கில் ராணுவக் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சுமார் 13 வருடம் ஓடிவிட்டது. அங்கே சூரிய கிரகணத்தைப் பார்த்து ஒரு கண்ணையும் கெடுத்துக்கொண்டார். நம் வேலை உயர்வுக் கணக்கில் பார்த்தால் தேறாத ஆள். 33-ஆம் காலாட்படையோடு இந்தியா வந்து சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். படைத்தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லிக்கோ (பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர்) அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

1799-ல் திப்பு மீதான போரில் ஓர் இரவு அணிவகுப்பு. விண்மீன்களைப் பார்த்துக்கொண்டே போன லாம்டன், நாம் தெற்கே போகவில்லை, வடக்கே திப்புவின் படையை நோக்கித்தான் போகிறோம் என்றார். தளபதி பெயர்டு முதலில் எரிந்து விழுந்தாலும், விளக்கை ஏற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோது இவர் சொன்னதுதான் சரி. வெல்லெஸ்லியின் ஆதரவும் இருந்ததால் தீபகற்பத்தையே குறுக்காக அளக்கும் திட்டத்துக்குச் சென்னை அரசாங்கம் சம்மதித்தது.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமான முதல் கோடு) அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்கு அன்பளிப்பாகப் போய் வேண்டாமென்று திரும்பிய சங்கிலி அது! வெயிலில் எஃகு நீளுமே, அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, மேலே நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சுமார் 400 தடவை தூக்கித் தூக்கி வைத்து அளந்தார்கள். சென்னை வெயிலில், சித்திரை, வைகாசியில்! அதிலிருந்து கோணங்களை அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்த அளவையை நீட்டிக்கொண்டே போய் மங்களூர்க் கரையைத் தொட்டபோது, பழைய வரைபடங்கள் தீபகற்பத்தைச் சுமார் 40 மைல் கூடுதல் அகலமாகக் காட்டியிருந்தது தெரியவந்தது.

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயிலில் இவருடைய கருவி உடைந்தது நிஜமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நிஜம்தான், 1808-ல். காவிரி டெல்டாவில் மேடே கிடையாது, தென்னந்தோப்பு வேறு பார்வையை மறைக்கும், அதனால் கோபுரங்களில் ஏறித்தான் கோணம் பார்த்தாக வேண்டும். அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) கயிறு கட்டி ஏற்றும்போது ஒரு கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி, கோணம் அளக்கும் வட்டம் நெளிந்துவிட்டது. இன்னொன்று லண்டனிலிருந்து வர வருடக்கணக்கில் ஆகும். மனிதர் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி வைத்து நெளிந்த வட்டத்தை இழுத்து இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர ஆறு வாரம் ஆனது. அவருடைய மொத்த உத்தியோகத்திலும் எனக்குப் பிடித்த ஆறு வாரம் அதுதான்.

கேள்வி: இத்தனை செய்தவர் பெயரை விட்டுவிட்டுச் சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் ஏன்? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: ஜார்ஜ் எவரெஸ்ட் 1818-ல் லாம்டனுக்கு உதவியாளராக வந்து, அவருக்குப் பிறகு பொறுப்பேற்று, அளவையை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனவர். அவருடைய பெயரைச் சூட்டச் சொன்னவர் அவருக்கு அடுத்து வந்த ஆண்ட்ரூ வா. எவரெஸ்ட்டே அதை விரும்பவில்லை! லாம்டன் காலத்தில் அளவை இமயத்தை எட்டவே இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம், இந்த வரைபடங்கள் அறிவியலுக்கு மட்டும் உதவவில்லை, பீரங்கி நகர்த்தவும் வரி வாங்கவும் கம்பெனிக்குக் கைகொடுத்தன.

லாம்டன் கடைசிவரை ஊர் திரும்பவில்லை. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு அளவைக் கூடாரத்தை மாற்றும் பயணத்தில், 1823 ஜனவரி 20 அன்று, வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.