சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் ஐயா, அப்பத்தா படங்களையும் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தையும் சுவர் பாழாகாமல் மாட்ட வழி உண்டா?
- வாசகி, காரைக்குடி

பதில்: சுண்ணாம்புச் சாந்தின் மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரில் ஆணி அடித்தால், ஓட்டை விழுவதோடு சுற்றியுள்ள மெருகும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும், அதே பளபளப்பில் ஒட்டுப்போட இன்று ஆள் கிடைப்பதும் அரிது. ஒட்டும் பட்டையையும் நம்பாதீர்கள், உரிக்கும்போது மெருகையும் சேர்த்தே உரித்துவிடும். சுவரின் உச்சியில் உறுதியான பழைய மரச்சட்டம் இருந்தால், அதில் கொக்கி மாட்டிப் பித்தளைச் சங்கிலியில் படங்களைத் தொங்கவிடுங்கள். படத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவரில் உராயாது, காற்றும் புகும். தஞ்சாவூர் ஓவியம் பலகையில் செய்தது, கனமானது. அதை முற்றத்து வெயிலும் சாரலும் எட்டாத இடத்தில் மரத்தாங்கியின் மேல் சாய்த்து வையுங்கள்.