வயிற்றைக் கிள்ளிப் பார்க்காமல் ரேட் சொன்னவர்கள்

கேள்வி: வயது 36, உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 84 கிலோ. இரண்டும் சிசேரியன். லைப்போசக்‌ஷன் செய்து 62 கிலோவுக்கு வர ஆசை. மதுரையிலேயே செய்யலாமா? டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? வீட்டில் சொல்லாமல் செய்துகொள்ள முடியுமா?

முதலில் அந்த 62-ஐ மறந்துவிடுங்கள். தோலுக்கடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதுதான் இந்தச் சிகிச்சை. 22 கிலோ அந்தக் குழாய் வழியாக வெளியே வராது. ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் ஆபத்து கூடும் என்பதுதான் பொதுவான கணக்கு. அந்த ஐந்து லிட்டரிலும் கொழுப்போடு, உள்ளே ஏற்றிய மருந்துத் தண்ணீரும் கலந்திருக்கும். எனக்கு எடுத்தது இரண்டு லிட்டருக்கும் குறைவு. ஒரு மாதம் கழித்து எடை பார்த்தபோது முள் ஒரு கிலோகூட இறங்கவில்லை. எடைக்காகச் செய்வதல்ல இது. எடை ஓரளவு இறங்கிய பிறகும் பிடிவாதமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கொழுப்புக்காகச் செய்வது.

நான் மதுரை வில்லாபுரத்தில் பிளவுஸ், சுடிதார் தைப்பவள். இருபது வருஷமாக இன்ச் டேப்பும் கையுமாக இருப்பதால் வயிறுகளைப் பற்றி எனக்கு ஒரு பாடமே உண்டு. இரண்டு பேருக்கு ஒரே 40 இன்ச் சுற்றளவு இருக்கும். ஒருத்தருக்கு டேப் சதைக்குள் அமுங்கும், கையில் பிடித்தால் மடிப்பாக வரும். இன்னொருத்தருக்கு மத்தளம் மாதிரி திம்மென்று இருக்கும், கிள்ளக்கூட வராது. முதல் வகைக் கொழுப்பு தோலுக்கடியில் இருப்பது. இரண்டாவது, வயிற்றுத் தசைக்குப் பின்னால் குடலைச் சுற்றி இருப்பது. லைப்போசக்‌ஷன் குழாய் தசையைத் தாண்டிப் போகாது, போகவும் கூடாது. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் டாக்டர்களைப் பார்க்கப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மூன்றாவது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

முதலில் போனது ஒரு ‘ஸ்லிம்மிங்’ கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, கோட் போட்ட ஒரு பெண். டாக்டர் என்றுதான் நினைத்தேன். கவுன்சிலராம். போனிலேயே நாலு படம் காட்டினார். “இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா முப்பது பர்சன்ட் குறைச்சுத் தருவோம் மேடம்” என்றார். ஆடித் தள்ளுபடிக்கு நானே போர்டு வைப்பவள். ஆனாலும் அறுவை சிகிச்சைக்குத் தள்ளுபடி என்று காதில் விழுந்தது அன்றுதான். டாக்டரை ஆபரேஷன் அன்று பார்க்கலாம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் டாக்டர் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து “ஏழெட்டு லிட்டர் எடுத்துரலாம், சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம்” என்றார். ரேட்டும் சொன்னார். என் வயிற்றை அவர் தொடவே இல்லை. பிளவுஸ் தைக்கவே நான் அளவெடுக்காமல் விலை சொல்வதில்லை.

மூன்றாவது டாக்டர் கிடைத்தது என் கஸ்டமர் ஒருவர் மூலம். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார். “நல்ல டாக்டர் யாரு?” என்று கேட்டால் நாலு பெயர் வரும். நான், “உங்க தங்கச்சிக்கு செய்யணும்னா யார்ட்ட கூட்டிட்டுப் போவீங்க?” என்று கேட்டேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ராஜாஜி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் பல வருஷம் தீக்காயமும் கை விபத்தும் பார்த்துவிட்டு, இப்போது தனியாகப் பார்ப்பவர்.

அவர் என்னைப் படுக்கவைத்தார். கையை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் அவருடைய இரண்டு விரல் உள்ளே இறங்கியது. “இது கொழுப்பு இல்லம்மா. ரெண்டு பிரசவத்துல தசை விலகியிருக்கு. இதை எந்த மிஷினும் உறிஞ்சாது” என்றார். பிறகு அடிவயிற்றைக் கிள்ளிப் பிடித்துவிட்டு விட்டார். தோல் மெதுவாகத்தான் திரும்பியது. “இங்க கொழுப்பை எடுத்தா தோல் காலிப் பை மாதிரி தொங்கும். அதுக்கு வேற ஆபரேஷன் இருக்கு, பெரிய வெட்டு, உனக்கு இப்ப வேணாம். இடுப்புப் பக்கமும் மேல்வயிறும் மட்டும் எடுக்கலாம். மூணு மாசம் நடந்துட்டு வா.” அவ்வளவுதான். அட்வான்ஸ் பேச்சே இல்லை. அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ரேஸ் கோர்ஸில் மூன்று மாதம் நடந்து ஐந்து கிலோ இறங்கியபோது கோபம் போய்விட்டது.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். எம்பிபிஎஸ், அதன்மேல் எம்எஸ் ஜெனரல் சர்ஜரி மூன்று வருஷம், அதன்மேல் எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி மூன்று வருஷம். அல்லது அதே துறையில் டிஎன்பி என்ற தேசியத் தேர்வு வாரியப் பட்டம். இதைத்தான் தேட வேண்டும். ‘காஸ்மெட்டிக் சர்ஜன்’ என்று போர்டில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல் டாக்டர் முதல் பலபேர் அப்படிப் போட்டுக்கொள்கிறார்கள். தோல் டாக்டர்களை மொத்தமாக ஒதுக்கவும் முடியாது. உப்புநீரில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகைனும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து ஏற்றி, ரத்தப்போக்கு குறைய வைக்கும் இன்றைய முறையை 1987-ல் வெளியிட்ட ஜெஃப்ரி கிளைன் அமெரிக்கத் தோல் டாக்டர்தான். அவர் படித்து, வருஷக்கணக்கில் செய்து பார்த்தவர். நம் ஊரில் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பவர்களைச் சொல்கிறேன். அழகு சிகிச்சைகளுக்கு ஒர்க்‌ஷாப்பிலும் யூடியூப்பிலும் பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது.

டாக்டரின் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் பணம் கட்டிய ரசீதிலும் போட வேண்டும் என்பது 2002-லிருந்தே விதி. அந்த எண்ணையும் பெயரையும் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மருத்துவர் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். நான் என் மகளை விட்டுப் பார்த்தேன், இரண்டு நிமிஷ வேலை.

நேரில் கேட்க வேண்டியதும் உண்டு. மயக்க டாக்டர் யார், தியேட்டரில் முழு நேரமும் இருப்பாரா? நடுவில் ஏதாவது ஆனால் அதே கட்டடத்தில் ஐசியு இருக்கிறதா? கொழுப்பு எடுப்பது உங்கள் கையா, அசிஸ்டன்டா? மேடுபள்ளம் விழுந்தால் திருத்துவதற்குத் தனிக் காசா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இன்சூரன்ஸ் இதற்குக் கிடைக்காது. நான் ஏலச்சீட்டு எடுத்த பணத்தில்தான் கட்டினேன்.

நான் செய்த ஒரு மடத்தனம், மாதத்தைப் பார்க்காதது. பங்குனிக் கடைசியில் ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் பின் போட்டுவிடும் இறுக்கமான உடுப்பை ஆறு வாரம் கழற்றக் கூடாது, குளிக்கும் நேரம் தவிர. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில், சித்திரை வெயிலில், மார்புக்குக் கீழிருந்து தொடை வரை அந்த உறையோடு ஃபேனுக்கு அடியில் கிடந்தேன். ஐப்பசிக்கு மேல் வைத்துக்கொண்டிருக்கலாம். உடுப்பு இரண்டாக வாங்குங்கள், ஒன்று துவைக்க. அதன் தையல் என் இடுப்பில் ஒரு கோடு போட ஆரம்பித்தது. தையல்காரி என்பதால் மறுநாளே கண்ணில் பட்டது. நர்ஸிடம் கேட்டு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொண்டேன். விட்டிருந்தால் அந்த மடிப்பு தோலில் பள்ளமாகவே நின்றிருக்கும் என்றார்.

வாராவாரம் டேப் வைத்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன் 37½ இன்ச். மூன்றாம் நாள் 39! வீக்கம். அழுதேவிட்டேன். ஆறாவது வாரம் 36, நாலாவது மாதம் 34½. பிறகு அசையவில்லை. அடிவயிறு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

கடைசிக் கேள்வி, வீட்டில் சொல்லாமல். வேண்டாம். 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்க சிகிச்சைக்குப் போன 21 வயது கன்னட சின்னத்திரை நடிகை இறந்தார். பெற்றோருக்கே தெரியாமல் போனார் என்று அப்போது செய்தி வந்தது. என் மாமியாரிடம் சொன்னபோது, “ஏத்தா, ரெண்டு பிள்ளை பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும், அதுல எதுக்குக் குழாயை விடணும்?” என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே மனுஷிதான் முதல் ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குழாய் விட்ட துளைகள் வழியாக இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்து பாய் நனையும். அது வழக்கம்தான் என்று முன்பே சொல்லியிருந்தாலும் இரண்டு மணிக்குப் பார்க்கும்போது ரத்தம் மாதிரியேதான் இருக்கும். பழைய சேலைகளை விரித்து மாற்றிக்கொண்டே இருந்தார். பாத்ரூம் போக எழுந்தபோது எனக்குத் தலை சுற்றியது, என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கினாலோ கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொன்னதும் அவர்கள் இரண்டு பேரிடம்தான். என்னிடம் இல்லை.