ஞாயிற்றுச் சந்தைக்கு மைதானம் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஞாயிறுதோறும் விவசாயிகளே நேரடியாக விற்கும் சந்தை ஒன்று தொடங்க நண்பர்கள் சேர்ந்திருக்கிறோம். பள்ளி மைதானம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அரசு நடத்தும் உழவர் சந்தை மாதிரியே நடத்த முடியுமா?

பதில்: முடியும். ஆனால் மைதானத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காய் வருமா என்று பாருங்கள். பத்துப் பேர் வந்து பத்துப் பேரும் கத்தரிக்காயையே கொட்டிவைத்தால் பாதி மிஞ்சும், வாங்க வந்தவரும் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும், அப்படிப் போனவர் அடுத்த வாரம் உங்கள் பக்கம் வரமாட்டார். யார் தோட்டத்தில் என்ன நிற்கிறது, எப்போது பறிப்புக்கு வரும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அப்புறம் தேதி குறியுங்கள்.

அடுத்த தலைவலி, விவசாயி என்று சொல்லிக்கொண்டு நுழையும் வியாபாரி. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்த காலத்திலிருந்தே, நிலமும் பயிரும் உண்டா என்று பார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அப்படியும் மொத்த மார்க்கெட்டில் எடுத்த சரக்கோடு ஆட்கள் நுழைந்துவிடுவதாகப் புகார் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் மாதம் இரண்டு தோட்டமாவது சொல்லாமல் போய்ப் பாருங்கள். சமவெளியில் இருந்துகொண்டு ஒருவர் வருஷம் முழுக்கக் கேரட் கொண்டுவந்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். வெளியூர்க் காய் இல்லாமல் முடியாது என்றால் உங்கள் குழுவே வாங்கி, வெளியூர்ச் சரக்கு என்று எழுதிவைத்து, ஒரே கடையில் விற்கட்டும்.

விலைக்கு உழவர் சந்தை வழியே நல்ல வழி. அன்றன்று மொத்த விலையையும் கடை விலையையும் விசாரித்து, இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வைத்துப் பலகையில் எழுதுவார்கள். விவசாயிக்கும் நாலு காசு கூட, வாங்குபவருக்கும் மிச்சம். எழுதிய விலையைப் பதினொரு மணிக்குக் குறைக்க மட்டும் விடாதீர்கள். ஒரு வாரம் குறைத்தால் போதும், அடுத்த வாரம் பாதிப் பேர் பதினொரு மணிக்குத்தான் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மிஞ்சுகிற காய்க்குப் பக்கத்து மெஸ், ஹாஸ்டல் எதையாவது முன்கூட்டியே பேசிவையுங்கள்.

தராசு முத்திரை போட்டதாக இருக்கட்டும். உழவர் சந்தையில் எலக்ட்ரானிக் தராசை இலவசமாகத் தந்து, விற்று முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், கடைக்கு வாடகையும் கிடையாது. நீங்கள் துப்புரவுச் செலவுக்கு மட்டும் ஏதாவது வாங்குங்கள், அதுவும் விற்ற பிறகு. செக்கு எண்ணெய், மசாலாப் பொடி விற்க யாராவது கேட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது. விடியும் முன்னே கூடையோடு கிளம்பி வருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மைதானம் கேட்கும்போதே பள்ளிக் கழிப்பறைச் சாவியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.